செங்காய்க் கணக்கு

நம் வீடுகளில் ஜுரத்தைப் பற்றிப் பேசுவதற்கு எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன! மேல் கதகதப்பாக இருக்கிறது என்கிறோம். லேசாகச் சுடுகிறது என்கிறோம். உள்ஜுரம், நல்ல ஜுரம், அனலாய்க் கொதிக்கிறது என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறோம். இறங்கும்போதும் அப்படித்தான். ஜுரம் விட்டுவிட்டது என்பதற்கு முன்னால், 'கொஞ்சம் தணிந்திருக்கிறது', 'வேர்த்திருக்கிறது' என்று இரண்டு மூன்று படிகள் உண்டு. ஜுரம் இருக்கிறதா இல்லையா, இரண்டில் ஒன்று சொல் என்று கறாராகக் கேட்பவர் வீட்டில் ஒரே ஒருவர்தான்: பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதவேண்டிய அப்பா.

இந்தப் படிகளையெல்லாம் அழித்து ஒரே கோடாக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து ஆஸ்பத்திரியில் கார்ல் வுண்டர்லிக் என்ற வைத்தியர் சுமார் 25,000 நோயாளிகளின் உடம்புச் சூட்டை அளந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளைத் திரட்டி, 1868-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஆரோக்கியமான மனிதனின் சூடு 37 டிகிரி ஸென்டிகிரேட், அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற எண் அவரிடமிருந்து வந்ததுதான். வேளைக்கு வேளை, ஆளுக்கு ஆள் இந்தச் சூடு மாறும் என்பதையும் அவர் எழுதியிருந்தார். உலகம் அந்த விளக்கத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. பழைய பாதரசத் தர்மாமீட்டர்களில் 98.6-க்கு நேரே ஓர் அம்புக்குறி போட்டிருக்குமே, அது இந்தக் கதைதான். 1992-ல் அமெரிக்காவில் மேரிலாண்டைச் சேர்ந்த டாக்டர்கள் ஆரோக்கியமான 148 பேரை மறுபடி அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2 என்று வந்தது. 124 வருஷம் உலகம் முழுவதும் வணங்கிய ஒரு கோடு, கொஞ்சம் தள்ளிப் போட்ட கோடு!

ஜுரத்தில் அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பெரிய மோசமில்லை என்று வாசகர்கள் நினைக்கலாம். சர்க்கரை விஷயத்தைப் பாருங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 140 மில்லிகிராம் சர்க்கரை இருந்தால் நீரிழிவு என்று வெகு காலம் வைத்திருந்தார்கள். 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு கூடி, அந்தக் கோட்டை 126-க்கு இறக்கியது. அதற்கு முன்னால் இரண்டு தடவை சோதித்தும் 130 என்று வந்த ஒரு மனிதர் இருந்தால், அவர் நீரிழிவு இல்லாதவராகப் படுத்து, நீரிழிவுக்காரராக எழுந்தார். இடையில் அவர் உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் காகிதத்தில்தான். ரத்த அழுத்தத்துக்கும் இதே கதிதான். 2017 நவம்பரில் அமெரிக்க இருதய நிபுணர்களின் சங்கங்கள் 140-க்கு 90 என்றிருந்த எல்லையை 130-க்கு 80 என்று இறக்கின. அன்றைக்கு எத்தனையோ பேர் ஒரு மாத்திரை கூட விழுங்காமல், ஒரு படி கூட ஏறாமல் நோயாளிகள் ஆனார்கள்.

இதையெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டை இறக்கியதற்குக் காரணங்கள் இருந்தன. 140-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் கண்ணின் விழித்திரை கெடத் தொடங்குகிறது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் 125 உள்ளவர் இந்தப் பக்கம், 126 உள்ளவர் அந்தப் பக்கம் என்று கூட்டத்தைப் பிரிக்கும்போது, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இன்றைக்கு 125 காட்டியவருக்கே நாளைக்கு 128 காட்டலாம். உடம்பு சாய்வான மேடு. நாம் அதில் படிக்கட்டு கட்டுகிறோம்.

இந்தத் தொந்தரவு வைத்தியத்துக்கு மட்டும் உரியதல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே யூபுலிடிஸ் என்ற கிரேக்கர் இதை ஒரு புதிராகப் போட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். ஒரு தானியமணி குவியல் ஆகாது. இரண்டு மணியும் ஆகாது. குவியல் அல்லாத ஒன்றோடு ஒரே ஒரு மணியைச் சேர்த்தால் அது திடீரென்று குவியலாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் எத்தனை கலம் கொட்டினாலும் களத்தில் குவியலே உண்டாகாது! மற்றவர்கள் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தர்க்க சாஸ்திரத்தை வகுத்த அரிஸ்டாட்டிலின் வழியிலோ, ஒரு வாக்கியம் மெய்யாக இருக்கவேண்டும், அல்லது பொய்யாக இருக்கவேண்டும். நடுவில் திண்ணை கிடையாது.

அந்த வழிதான் ராஜபாட்டையாயிற்று. 1854-ல் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர் மெய்யையும் பொய்யையும் 1, 0 என்று வைத்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். 1937-ல் க்ளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர், மின்சார ஸ்விட்சுகளைக் கொண்டே அந்தக் கணக்கைப் போடலாம் என்று எழுதிக் காட்டினார். கம்ப்யூட்டர் பிறந்தபோது அதன் ரத்தத்திலேயே இந்த ஆம்-இல்லை ஊறியிருந்தது. 1959-ல் லெட்லி, லஸ்டட் என்ற இருவர் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டாக்டர் நோயை நிர்ணயிக்கும்போது மனசுக்குள் என்ன யோசிக்கிறாரோ அதைத் தர்க்கமாகவும் நிகழ்தகவுக் கணக்காகவும் எழுதிவிடலாம், எழுதிவிட்டால் யந்திரத்தின் உதவியைக் கேட்கலாம் என்பது அவர்கள் கட்சி. பலருக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் பழைய சங்கடம் வந்துவிட்டது. 'ஈரல் வீங்கியிருக்கிறதா? ஆம் அல்லது இல்லை' என்று யந்திரம் கேட்கிறது. விரலை வைத்து அழுத்திப் பார்த்த டாக்டரோ, 'கொஞ்சம் தட்டுப்படுகிற மாதிரி இருக்கிறது' என்கிறார். கொஞ்சத்துக்கு யந்திரத்தில் பொத்தான் இல்லை.

அந்தப் பொத்தானைச் செய்தவர் வைத்தியரல்ல. மின்சாரப் பொறியியல் புரொபசர். பெயர் லோட்ஃபி ஸாடே. 1921-ல் காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கு நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் ஈரானைச் சேர்ந்த பத்திரிகைக்காரர். தாயார் ருஷ்ய யூத வகுப்பைச் சேர்ந்த குழந்தை வைத்தியர். பத்து வயதில் குடும்பம் டெஹ்ரானுக்குப் போயிற்று. அங்கே அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, 1942-ல் டெஹ்ரான் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கி, யுத்தத்தின் நடுவே 1944-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கொலம்பியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்து, 1959-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லிக்கு வந்து சேர்ந்தார். மூன்று தேசம், பல பாஷைகள். ஒரே விஷயத்தை ஒவ்வொரு பாஷையும் ஒவ்வோர் அளவில் சொல்லும் என்பதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துகொள்ளும் வாழ்க்கை.

1962-ல் ஸாடே எழுதிய ஒரு கட்டுரையில் முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. மனிதன் செய்த யந்திரங்களை ஆராய நம்மிடமுள்ள கணிதம் போதும். உயிருள்ளவற்றை ஆராய அது போதாது. மேகம் போல் விளிம்பு கலைந்த அளவுகளைக் கையாள வேறொரு கணிதம் வேண்டும் என்று அங்கே சொல்கிறார். விளிம்பு கலைந்தது என்பதற்கு அவர் போட்ட சொல்தான் 'ஃபஸி'. தமிழில் மங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, இந்தச் சொல் முதன்முதலில் அவருக்குத் தேவைப்பட்டது உயிரைப் பற்றிப் பேசும்போதுதான். பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1965-ல் அந்தக் கணிதம் 'மங்கல் கணங்கள்' என்ற தலைப்பில் வெளிவந்தது. அதன் கருத்து வேடிக்கையான அளவுக்கு எளிது. பழைய கணிதத்தில் ஒரு பொருள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது, அல்லது சேராதது. ஸாடேயின் கணிதத்தில் அது எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. உதாரணத்துக்கு, 98.6 டிகிரியை ஜுரம் 0 என்றும் 102 டிகிரியை ஜுரம் 1 என்றும் வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 100.3 டிகிரி, ஜுரக் கூட்டத்தில் பாதி உறுப்பினன், 0.5. இன்னொரு நோயாளிக்கு இருமல் பலமாக இருக்கிறது; அதற்கு 0.8 கொடுக்கலாம். 'ஜுரமும் இருமலும்' என்றால் இரண்டில் சிறிய எண்ணை எடுத்துக்கொள். 'ஜுரமோ இருமலோ' என்றால் பெரிய எண்ணை எடுத்துக்கொள். 'ஜுரமில்லை' என்றால் ஒன்றிலிருந்து கழித்துக்கொள். இவ்வளவுதான் முதல் பாடம். இதைக் கொண்டு கட்டிய தர்க்கத்தைத்தான் ஃபஸி லாஜிக் என்கிறார்கள்.

'இது ஒன்றும் புதிதில்லையே, நூற்றுக்கு ஐம்பது என்று நிகழ்தகவு சொல்கிறோமே, அதுதானே?' என்று அன்றைக்குக் கேட்டவர்கள் ஏராளம். இன்றைக்கும் கேட்கிறார்கள். நம் பாஷையில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: செங்காய். காயுமில்லாமல் பழமுமில்லாமல் நடுவில் நிற்பது. மூடிய கூடைக்குள் பத்து மாங்காய் இருக்கிறது. அவற்றில் ஐந்து காய், ஐந்து பழம் என்று தெரியும். கையை விட்டு ஒன்றை எடுக்கப் போகிறேன். பழமாக இருக்குமா என்றால் பாதிக்குப் பாதி என்கிறேன். அது நிகழ்தகவு. எடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் கையில் ஒரு செங்காய் இருக்கிறது. நன்றாகப் பார்த்தாயிற்று, முகர்ந்தாயிற்று, கத்தியால் நறுக்கியும் ஆயிற்று. அப்போதும் அது பாதிப் பழம்தான். இங்கே சந்தேகம் என்னிடம் இல்லை. பாதித்தன்மை பொருளிடமே இருக்கிறது. நூறு டிகிரியில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஜுரம் 'இருக்கலாம்' என்பதல்ல விஷயம். கொஞ்சம் ஜுரம் இருக்கிறது என்பதுதான் விஷயம். டாக்டருக்கு இரண்டு கணக்கும் வேண்டும். ஒன்றை இன்னொன்று விழுங்கிவிடக்கூடாது.

கணித உலகம் ஸாடேயை மாலை போட்டு வரவேற்கவில்லை. 1972-ல் பிரான்ஸில் போர்தோ நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், கட்டுப்பாட்டு இயலில் பெரும் பெயர் பெற்ற ருடால்ஃப் கால்மன் எழுந்து, இது விஞ்ஞானத்தில் இடம் கொடுக்கக்கூடாத தளர்ச்சி என்று கண்டித்தார். பெர்க்லியிலேயே ஸாடேயின் சகாவான வில்லியம் கஹான் என்ற கணித நிபுணர், இதைக் கொக்கேயினுக்கு ஒப்பிட்டார். துல்லியமாக யோசிக்கும் சிரமத்திலிருந்து தப்ப நினைப்பவர்களுக்கு இது போதை மருந்து என்பது அவர் வாதம். பெயரும் ஒரு சத்துரு. தன் சாஸ்திரத்துக்குத் தானே 'மங்கல்' என்று பெயர் வைத்துக்கொண்டவரை யார் மதிப்பார்கள்? ஸாடே கடைசி வரை பெயரை மாற்றவில்லை. உள்ளே இருக்கும் கணக்கில் மங்கல் ஏதும் கிடையாது, மங்கலான விஷயத்தைப் பற்றிய துல்லியமான கணக்கு இது என்பதே அவர் பதில்.

வைத்தியர்களில் சிலர் சீக்கிரமே காது கொடுத்தார்கள். 1969-ல் ஸாடேயே இந்தக் கணிதத்தை உயிரியலில் பிரயோகிப்பது பற்றி எழுதினார். 1974-ல் பிரான்ஸில் மார்ஸேல் நகரத்து வைத்தியக் கல்லூரியில் எலி ஸான்செஸ் என்பவர் இதைப் பற்றியே ஆய்வேடு சமர்ப்பித்தார். இரண்டு பட்டியல்களை வைத்துக்கொள்ளவேண்டும். ஒன்றில், இந்த நோயாளிக்கு எந்த அறிகுறி எவ்வளவு இருக்கிறது. இன்னொன்றில், எந்த அறிகுறி எந்த நோயோடு எவ்வளவு சேர்ந்தது. இரண்டையும் மங்கல் கணக்கால் பெருக்கினால், இந்த நோயாளி எந்த நோயோடு எவ்வளவு சேர்ந்தவர் என்ற மூன்றாவது பட்டியல் கிடைக்கும். ஒரு பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளாமல், இது 0.8, அது 0.6, இன்னொன்று 0.1 என்று வரிசையாக வைத்துக் காட்டும்.

வியன்னாவில் இது ஆய்வேட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. அங்கே வைத்தியக் கல்லூரியில் கிளாஸ்-பீட்டர் அட்லாஸ்னிக் என்பவர் சகாக்களோடு 1980-களில் 'கேடியாக்-2' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். மூட்டுவாத நோய்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நுட்பம். அறிகுறிக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஒரே எண்ணால் சொல்லாமல் இரண்டு எண்ணாகப் பிரித்தார்கள். இந்த நோயில் இந்த அறிகுறி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது ஒன்று. இந்த அறிகுறி இருந்தால் இந்த நோய்தான் என்று எவ்வளவு உறுதிப்படுகிறது என்பது மற்றொன்று. டைபாய்டு என்றால் ஜுரம் அநேகமாக எப்போதும் உண்டு. ஆனால் ஜுரம் உண்டு என்பதற்காக டைபாய்டு என்று சொல்லிவிட முடியுமா? அனுபவசாலியான டாக்டர் இந்த வித்தியாசத்தைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார். 'அநேகமாக எப்போதும்', 'பெரும்பாலும்', 'அபூர்வமாக' என்று அவர் வாயால் சொன்ன வார்த்தைகளையே வாங்கி எண்ணாக்கினார்கள். யந்திரம் நிச்சயமான நோய்கள், நிச்சயமாக இல்லாத நோய்கள், இருக்கக்கூடிய நோய்கள் என்று பிரித்துச் சொல்லும். அடுத்து எந்தச் சோதனை செய்யலாம் என்றும் சொல்லும். எந்த நோயாலும் விளக்கப்படாமல் எஞ்சி நிற்கும் அறிகுறி எது என்றும் காட்டும். கடைசியில் சொன்னது எல்லா மனிதர்களுக்கும் எளிதில் வராத குணம். அதே குழுவினர் பிற்காலத்தில் வியன்னா பொது ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஒட்டிக்கொள்ளும் தொற்று நோய்களைக் கண்காணிக்கவும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அங்கேயும் ஜுரம் திடீரென்று பிறப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஜுரமாகிறது.

இதற்கிடையில் ஃபஸி லாஜிக் வேறொரு வாசல் வழியாக உலகப் பிரசித்தி அடைந்திருந்தது. டான்ஸானியாவில் பிறந்து, இந்தியாவில் படித்து, 1966-ல் லண்டனுக்குப் போன எப்ராஹிம் மம்தானி என்பவர் அங்கே குவீன் மேரி காலேஜில் ஆசிரியர். தம் மாணவரோடு சேர்ந்து ஒரு சிறிய நீராவி எஞ்சினை எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓட்டுகிறவன் சமன்பாடு எழுதி ஓட்டுவதில்லை. 'அழுத்தம் கொஞ்சம் குறைந்து, மேலும் மெதுவாகக் குறைந்துகொண்டிருந்தால், சூட்டைக் கொஞ்சம் கூட்டு' என்பது போன்ற விதிகளால் ஓட்டுகிறான். அந்த விதிகளை அப்படியே வார்த்தையாக எழுதி, வார்த்தைகளை மங்கல் கணமாக்கி, யந்திரத்திடம் கொடுத்தார். எஞ்சின் ஓடியது. 1974, 75-ல் அந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. டென்மார்க்கில் சிமெண்ட் சூளைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1987-ல் ஜப்பானில் ஸெண்டாய் நகரத்துப் பூமியடி ரயில் இந்த முறையில் நின்று கிளம்பியது. பிறகு சலவை யந்திரம் வந்தது. நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களில் 'ஃபஸி லாஜிக்' என்ற சொல்லைப் பலரும் முதலில் படித்தது சலவை யந்திரத்தின் மேல் ஒட்டிய காகிதத்தில்தான். துணி கொஞ்சம் அழுக்கா, ரொம்ப அழுக்கா என்பதை அது யோசிக்கிறதாம்! உயிருக்காக வேண்டுமென்று ஒருவர் கேட்ட கணிதம், அழுக்கு வேட்டி துவைத்துச் சம்பாதித்துக் கொண்டிருந்தது.

ஆனால் அந்த எஞ்சின் பாடம்தான் அதை நோயாளியின் கட்டிலுக்குத் திருப்பி அழைத்து வந்தது. இருதய ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சில சமயம் ரத்த அழுத்தம் ஏறிவிடும். தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசியும். அதைத் தணிக்க ஸோடியம் நைட்ரோப்ரஸைடு என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறக்குவார்கள். மிக வேகமாக வேலை செய்யும் மருந்து. ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவரை மயக்கத்தில் தள்ளிவிடும். நர்ஸ் பக்கத்திலேயே நின்று கூட்டிக் குறைத்துக் கொண்டிருக்கவேண்டும். அந்த நர்ஸின் விதிகளை எழுதி, ஃபஸி லாஜிக்கால் மருந்தைச் செலுத்திய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் நடந்து, 1992-ல் வெளியாயிற்று. நீராவி அழுத்தத்துக்குப் பதில் ரத்த அழுத்தம். விதியின் உருவம் அதேதான்.

இந்தக் கதையில் என் மனத்தைத் தொட்டது அதற்கும் அடுத்தது. ஸாடே பிறந்த அதே 1921-ல், கனடாவில் டொரான்டோ நகரத்தில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுப் பையன் அந்த ஊசியால் பிழைத்தான். அன்று முதல் சிறுவயது நீரிழிவு மரண தண்டனையாக இல்லாமல் போயிற்று. ஆனால் பெற்றோர்களுக்கு ஓர் ஆயுள் தண்டனை வந்தது. இன்ஸுலின் குறைந்தால் சர்க்கரை ஏறும். கூடினால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் குழந்தை தூக்கத்திலேயே நினைவிழக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலில் ஊசி குத்திப் பார்க்கும் தாய்மார்கள் உலகமெங்கும் இருந்தார்கள். இன்னும் இருக்கிறார்கள்.

இஸ்ரேலில் பெடாக் டிக்வா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள், அனுபவமுள்ள நீரிழிவு நிபுணர்கள் இன்ஸுலினைக் கூட்டிக் குறைக்கும் யோசனையை ஃபஸி லாஜிக் விதிகளாக எழுதினார்கள். 'சர்க்கரை சற்று உயரம். ஆனால் சரசரவென்று இறங்கிக் கொண்டிருக்கிறது. ஆகவே பொறு' என்பது அந்த ரகம். தோலில் ஒட்டிய அளவுமானி சர்க்கரையைச் சொல்லும், விதிகள் யோசிக்கும், இடுப்பிலுள்ள பம்பு இன்ஸுலினைச் செலுத்தும். இஸ்ரேல், ஸ்லோவேனியா, ஜெர்மனி ஆகிய மூன்று தேசங்களில் நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு நடந்த முகாம்களில், 10 முதல் 18 வயதுக்குட்பட்ட 56 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு ராத்திரி இந்தக் கருவி. ஒரு ராத்திரி வழக்கமான அளவுமானியும் பம்பும். சர்க்கரை 63-க்குக் கீழே இறங்கிய ஆபத்து, வழக்கமான ராத்திரிகளில் 22 தடவை; கருவி காவலிருந்த ராத்திரிகளில் 7 தடவை. 2013-ல் இது அமெரிக்காவின் பிரபலமான வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சியின் வழிமுறைகள், வேறு கணிதத்தோடு சேர்ந்து, பின்னால் மெட்ரானிக் கம்பெனியின் 780ஜி என்ற பம்பில் இடம் பெற்றன. அதற்கு 2020-ல் ஐரோப்பாவிலும் 2023-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. மங்கல் என்று கேலி செய்யப்பட்ட தர்க்கம், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் விழித்திருக்கக் கற்றுக்கொண்டது.

ஆராய்ச்சிக் கூடத்திலும் அதற்கு வேலை கிடைத்தது. மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். படத்தின் ஒரு புள்ளியில் சாம்பல் நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் சேர்ந்தே விழும். அந்தப் புள்ளியை ஏதாவது ஒரு கட்சியில் சேர்த்தே தீரவேண்டும் என்றால் எல்லை பிசகும். ஜேம்ஸ் பெஸ்டெக் என்ற அமெரிக்கர் 1970-களில் வளர்த்த முறையில், ஒரே புள்ளி இதில் 0.6, அதில் 0.4 என்று இருந்துகொள்ளலாம். ஜீன்களுக்கும் இதுவே. 2002-ல் காஷ், ஐஸன் என்ற இருவர் ஈஸ்டு என்னும் நுண்ணுயிரின் ஜீன்களை இப்படித்தான் வகைப்படுத்தினார்கள். ஒரு ஜீன் ஒரு நெருக்கடியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது, வேறொரு நெருக்கடியில் வேறொரு கூட்டத்தோடு. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுக்கும் சொந்தமான பெண்ணைப் போல. அதை ஒரே ரேஷன் கார்டில் எழுதினால் பாதி உண்மை போய்விடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஃபஸி லாஜிக் வைத்திய உலகத்தை வென்றுவிட்டது என்று முடித்தால் அது நியாயமில்லை. நோய் நிர்ணயத்தில் இன்று கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் வேறு பாதையில் போகின்றன. லட்சக்கணக்கான படங்களையும் குறிப்புகளையும் காட்டினால் அவை தாமே கற்றுக்கொள்கின்றன. டாக்டரின் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமை அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. ஃபஸி லாஜிக்கிடமும் குறை உண்டு. 100.3 டிகிரிக்கு 0.5 என்று நான் மேலே கொடுத்தேனே, அந்த எண்ணை யார் கொடுப்பது? ஒரு டாக்டர் 0.5 என்பார், இன்னொருவர் 0.7 என்பார். விதி எழுதியவரின் அனுபவம் எவ்வளவோ அவ்வளவுதான் விதி. ஆனால் ஒரு வசதி. அதன் விதிகள் மனிதர் படிக்கக்கூடிய வாக்கியங்கள். ஏன் இன்ஸுலினைக் குறைத்தாய் என்று கேட்டால், இந்த விதியால் என்று விரல் வைத்துக் காட்டலாம். தானே கற்ற யந்திரங்களிடம் அந்தப் பதிலை வாங்குவது பெரும்பாடாக இருக்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கணிதத்திடம் ஒரு தனிப் பிரியம் ஏற்படுவது இயற்கை. ஒரு பாத்திரத்தை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ முதல் அத்தியாயத்திலேயே கோடு கிழித்துவிட்டால் அப்புறம் எழுத ஒன்றுமிருக்காது. ஆனாலும் கதையில் எங்கேயோ ஓரிடத்தில் அவன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். கதவைத் திறக்கவேண்டும், அல்லது திறக்காமலிருக்க வேண்டும். பாதி திறப்பதற்கும் ஒரு பலன் உண்டு. அதிலிருந்து அவன் தப்ப முடியாது.

வைத்தியத்திலும் அப்படித்தான். மங்கல் கணக்கு எவ்வளவு நுட்பமாக யோசித்தாலும் கடைசியில் பம்பு இத்தனை துளி என்று ஓர் எண்ணைத் தீர்மானித்துச் செலுத்தியே ஆகவேண்டும். ஃபஸி லாஜிக்காரர்கள் அந்தக் கடைசிப் படிக்கே ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மங்கலை நீக்குதல் என்று பொருள். டாக்டரும் ஆபரேஷன் செய்யலாம், வேண்டாம் என்று இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். வயிற்றைப் பாதி கிழிக்க முடியாது. ஆகவே ஸாடே கோட்டை அழித்துவிட்டார் என்று சொல்வது தவறு. கோடு விழவேண்டிய இடத்தை மாற்றினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே, சோதனைக் காகிதத்திலேயே, 125 அந்தப் பக்கம், 126 இந்தப் பக்கம் என்று முதலில் கிழித்துவிட்டால், அதற்குள் இருந்த கொஞ்சமும் அதிகமும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். பிறகு யார் யோசித்தாலும் அது திரும்பி வராது. எல்லாக் கொஞ்சங்களையும் கடைசி வரை கையில் வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றை நிறுத்துப் பார்த்து, செய்யவேண்டிய நிமிஷத்தில் கோட்டைக் கிழி என்பது அவர் சொன்ன நியாயம்.

2017 செப்டம்பரில், 96-வது வயதில், லோட்ஃபி ஸாடே பெர்க்லியில் காலமானார். பிறந்த ஊரான பாக்குவில் அடக்கம் செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ரத்த அழுத்தக் கோட்டை 130-க்கு இறக்கினார்கள். இன்னும் சில வருஷங்களில் அது மறுபடி நகரலாம். அப்படி நகரும்போது எல்லைக்கு ஒரு புள்ளி அந்தப் பக்கம் போய்விட்ட வாசகர் எவரேனும் இருந்தால், சோதனைக் காகிதத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம். அலட்சியமாகக் கிழித்துப் போடவும் வேண்டாம். டாக்டரிடம் போய், "எவ்வளவு?" என்று கேளுங்கள். நல்ல டாக்டராக இருந்தால், உங்கள் வயது, உங்கள் எடை, உங்கள் தகப்பனார் எதனால் போனார், நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.